அங்கம்மாவின் கால் கட்டைவிரல்

எம்டன் கப்பல் பட்டணத்தில் குண்டு போட்டுப் போன பிறகு வந்த வருஷங்கள் அவை. திருவொற்றியூர்க் குப்பத்தில் அங்கம்மாவை எல்லோரும் செவிடி என்றே கூப்பிட்டார்கள். கூப்பிட்டு என்ன பிரயோசனம், அவளுக்குக் கேட்கவா போகிறது? பிறவியிலேயே காது கேளாதவள். புருஷன் தேசப்பன் கட்டுமரத்தில் போகிறவன். இருவரும் கையாலேயே சண்டை போட்டுக் கையாலேயே சமாதானமாவதைப் பக்கத்துக் குடிசையிலிருந்து வாய் பிளந்து பார்த்திருக்கிறேன்.

பெண் குழந்தை பிறந்ததும்தான் வந்தது வினை. மாமியார் குப்பம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"கொயந்த அழுதா இவளுக்கு இன்னா தெரியும்? எண்ணூர்ல எம் பொண்ணு செல்லம்மா வூட்ல வளரட்டும். ஆடி போனதும் அவளே வந்து தூக்கினு போவா."

தேசப்பன் அதைக் கையால் சொன்னபோது அங்கம்மா குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

மறுநாள் அவனுடைய தூண்டில் கயிற்றில் ஒரு துண்டை அறுத்தெடுத்தாள். துடுப்புப் போடுகிறவனுக்குக் கை ஒழியாது. அதனால் கயிற்றைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொள்வான். மீன் கடித்தால் விரலுக்குத் தெரிந்துவிடும். அங்கம்மா ஒரு நுனியைத் தூளியில் கட்டி, மறு நுனியைத் தன் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டாள். முதலில் பிள்ளை புரண்டதற்கெல்லாம் எழுந்து ஓடினாள். ஊர் சிரித்தது. போகப் போக, புரண்டால் பேசாமல் மீன் அரிந்துகொண்டிருப்பாள், அழுதால் மட்டும் எழுவாள். ஒரு கயிறு இதையெல்லாம் சொல்லுமா என்று எனக்குப் பிரமிப்பாக இருக்கும்.

செல்லம்மா வந்து இறங்கிய அன்றைக்கென்று கவலை மீன் கொட்டோ கொட்டென்று கொட்டியது. கரையெல்லாம் ஏலக் கூச்சல், அதற்கு மேல் அலைச் சத்தம். வலை காயும் கழிகளில் தூளி தொங்கியது. அதற்குப் பக்கத்திலேயே குப்பம்மாவும் செல்லம்மாவும் மீனைக் குவித்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கம்மா தள்ளி உட்கார்ந்து மீனைக் கீறி உப்புத் தடவிக்கொண்டிருந்தாள்.

திடீரென்று கத்தியை எறிந்துவிட்டு ஓடிவந்தாள், கயிறு காலில் இழுபட. மாமியாரைத் தள்ளிவிட்டுத் தூளியை விரித்தாள். குழந்தையின் உடம்பெல்லாம் செவ்வெறும்பு. அழுது அழுது முகம் கருத்திருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் காதுள்ளவர்கள் இரண்டு பேர் இருந்தும் ஒருத்திக்கும் கேட்கவில்லை.

எறும்புகளைத் தட்டிவிட்டு, அங்கம்மா பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். குப்பம்மா அந்தக் கயிற்றையே வெகுநேரம் பார்த்தாள்.

"செல்லம்மா, நீ வூட்டுக்குப் போ. கொயந்த இங்கயே கெடக்கட்டும்."

பிறகு, அதுவரை மருமகளிடம் கையால் ஒரு வார்த்தை பேசியறியாத குப்பம்மா, அவள் எதிரே போய் உட்கார்ந்தாள். கயிற்றைக் காட்டி, தன் கால் கட்டைவிரலை நீட்டினாள்.