என் மூக்கை நம்பியவர்கள்

எனக்கு வலிப்பு வருவதற்குச் சற்று முன்னால் ஒரு கருகல் வாடை வரும், வெடிமருந்து தீய்வது போல. உண்மையில் பக்கத்தில் எதுவும் எரிந்திருக்காது. மூளை செய்கிற வேலை அது. வேறு ஊரில் பிழைத்திருந்தால் இதனால் பெரிய தொந்தரவு இருந்திருக்காது. நான் வாக்கப்பட்டது சிவகாசிப் பக்கம்.

கல்யாணமான புதிதில் விஸ்வநத்தம் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிகளைப் பெட்டியில் போடும் வேலைக்குப் போனேன். எனக்கு இந்த நோய் இருப்பது அப்போது எனக்கே தெரியாது. ஒரு நாள் முற்பகலில் அந்த வாடை முதல்முறையாக வந்தது. எழுந்து நின்று, “எரியுது, ஓடுங்க” என்று கத்திவிட்டேன். எங்கள் பக்கத்தில் அதைக் கேட்டு எங்கே, எது என்று விசாரித்துக்கொண்டு யாரும் நிற்க மாட்டார்கள். செருப்பைக்கூட விட்டுவிட்டு எல்லாரும் வேலிக்கு அப்பால் ஓடி நின்றார்கள். திரும்பிப் பார்த்தால் புகையும் இல்லை, நெருப்பும் இல்லை. நான் மட்டும் வாசலில் விழுந்து வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தேனாம்.

யாரும் திட்டவில்லை. ஓட்டத்தில் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்ட பெண்தான் நான் கண் விழித்ததும் தண்ணீர் கொடுத்தாள். இந்த நோயோடு வெடிமருந்துப் பக்கம் இருக்கக் கூடாது என்று சொன்ன முதலாளி, வெறுங்கையோடு அனுப்பாமல், சொந்தக்காரர் ஒருவரின் அச்சகத்தில் காலண்டர் தாள் அடுக்கும் வேலைக்குச் சேர்த்துவிட்டார்.

மதுரை நரம்பு டாக்டர் கொடுத்த மாத்திரையில் வலிப்பு குறைந்தது. பயம் குறையவில்லை. பக்கத்து வீட்டில் குப்பை கொளுத்தினாலும் நான் தரையில் உட்கார்ந்துவிடுவேன். இது நிஜ வாடையா, என் வாடையா என்று தெரியாது. மாமியார் பதறிப்போய் கற்பூரம் கரைத்த எண்ணெயையும் யூகலிப்டஸ் தைலத்தையும் நெஞ்சில் தேய்ப்பார். டாக்டரிடம் சொன்னோம், அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவை இரண்டுமே வலிப்பைத் தூண்டிவிடக் கூடியவையாம். பாசம் பொங்கி எனக்கே வேட்டு வைத்துக்கொண்டிருந்தோம்.

அப்படியானால் மனசுக்கு இதமாக வேறு எதையாவது முகரலாமா என்று கேட்டவர் என் வீட்டுக்காரர். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. மெல்லிய வாசனையாக, ஒரே சொட்டு வைத்துப் பார்க்கலாம், ஒத்துக்கொள்ளாவிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்றார். அது வலிப்பை நிறுத்தாது, மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது என்றும் இரண்டு தடவை சொன்னார்.

வீட்டுக்காரர் விருதுநகருக்குப் போய் நாட்டு மருந்துக் கடையில் வெட்டிவேர் எண்ணெய் வாங்கி வந்தார். கோடையில் பானைத் தண்ணீரில் கிடக்கும் வேரின் அதே வாசனை. கைக்குட்டை நுனியில் ஒரு சொட்டு வைத்து மெதுவாக மூச்சை இழுத்தால் நெஞ்சுப் படபடப்பு அடங்கும். அந்தச் சின்ன பாட்டிலைக் கும்பிடலாம் போல இருக்கும் எனக்கு.

அச்சகத்தில் என் எதிரே உட்கார்ந்து தாள் அடுக்கும் அக்கா ஆமத்தூர்க்காரர். வாய் கொஞ்சம் நீளம். அவரிடம் மட்டும் என் சங்கதியைச் சொல்லியிருந்தேன். வாடை வருகிறது என்று நான் சொன்னால், அவர் தலையைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு, ஒன்றும் எரியவில்லை என்பார். அப்படியென்றால் வலிப்பு வரலாம் என்று நான் உடனே ஒருக்களித்துப் படுத்துக்கொள்வேன். பல நாள் அது என் பயமாகவே முடிந்து, எழுந்து வேலையைப் பார்ப்பேன்.

காலண்டர் சீசனில் ஒரு வாரம் அப்படி மூன்று முறை அவரை மோந்து பார்க்க வைத்துவிட்டேன். எனக்கே அசிங்கமாக இருந்தது. நான்காம் முறை வாடை வந்தபோது அக்கா சாப்பிடப் போயிருந்தார். வெளியே வண்டியில் கட்டு ஏற்றிக்கொண்டிருந்த மற்றவர்களிடம் சொல்லக் கூசி, கைக்குட்டையை மூக்கில் பொத்திக்கொண்டு படுத்துவிட்டேன். ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்டிவேர் நன்றாகவே வேலை செய்தது. பயம் போயே போய்விட்டது.

தூக்குச் சட்டியோடு உள்ளே வந்த அக்கா அப்படியே நின்று மூக்கை உறிஞ்சினார். பிறகு மெயினை அணைக்கச் சொல்லி அவர் போட்ட சத்தம் தெருவரைக்கும் கேட்டிருக்கும். கட்டிங் மிஷின் மோட்டாரில் ஒயர் எரிந்துகொண்டிருந்தது. நான் படுத்திருந்த இடத்துக்கும் அதற்கும் நடுவில் முழுக்கக் காகிதக் கட்டு.

எல்லாம் அடங்கியதும், எனக்கு அப்போதே வாடை வந்தது, என் வாடை என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன் என்று சொல்லி அழுதேன். எங்கள் மேஜையில் தாள் அடுக்கும் ஆறு பேர் காதிலும் அது விழுந்தது. அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“இங்கேரு தாயி, எரியுதோ எரியலையோ, நீ வாயத் தொறந்து சொல்லு. நூறு தடவ வீணா மோந்து பாத்தா எங்க மூக்கு ஒண்ணும் தேஞ்சு போயிராது.”

சில வாரம் கழித்து மறுபடி வாடை வந்தது. இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். ஆறு பேரும் கை வேலையை நிறுத்திவிட்டு, முகத்தைத் தூக்கி மோந்து பார்த்தார்கள். ஒருத்தி எழுந்து மோட்டார் பக்கம் போனாள், இன்னொருத்தி வாசலுக்குப் போனாள். நான் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

“எங்கனயும் எரியல தாயி, ஒனக்குத்தான் வருது. படுத்துக்க, நாங்க இருக்கோம்” என்றார் அக்கா.

ஒருக்களித்துப் படுத்தேன். அன்று வலிப்பு வரத்தான் செய்தது. ஆனால் வரப்போகிறது என்று தெரிந்தே பயமில்லாமல் நான் கண்ணை மூடியது அதுதான் முதல் தடவை.