கோயில் வாசலுக்கு வெளியே நின்ற வெள்ளிக்கிழமைகள்

அம்மனை நம்பி வாழும் உங்களிடம் இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். சொல்லாமல் இருந்து நான் இழந்தது அதிகம்.

திருமுல்லைவாயிலில் எங்கள் தெருமுனை அம்மன் கோயிலில் வெள்ளிதோறும் கோலம் போடுவது நான். ஆடியில் கூழுக்குக் கேழ்வரகு கரைப்பதும் நான்தான். அப்படிப்பட்டவள் போன வருடம் மாதக்கணக்கில் வாசலுக்கு வெளியே, செருப்புக் குவியலோடு நின்றேன்.

எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் வேலை. காலையில் மிஷினில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். நடுவில் பாத்ரூம் போனால் சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்று தண்ணீரே குடிக்க மாட்டேன். மலச்சிக்கல் பழகிப்போனது. ஒருநாள் ரத்தம் சொட்டியது. வலி இல்லை. சூடுதான் என்று மோர் குடித்தேன். நிற்கவில்லை. பிறகு சதை போல ஒன்று வெளியே வரத் தொடங்கியது. விரலால் தள்ளினால்தான் உள்ளே போகும். ரயில் பெட்டியில் மூலம், பௌத்திரம் என்று நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். அதைப் படித்தால்கூட யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அதைவிடப் பெரிய மடத்தனம் ஒன்று செய்தேன். ரத்தம் ரத்தம்தானே, எந்த வழியாக வந்தாலும் தீட்டு தீட்டுதான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். வீட்டில் விளக்கேற்றுவதை நிறுத்தினேன். கேட்டவர்களிடம் வீட்டுக்குத் தூரம் என்றேன். என் வயதில் அது முன்னே பின்னே வருவது சகஜம் என்று யாரும் சந்தேகப்படவில்லை.

வைகாசியில் என் ஒரே மகளுக்கு வளைகாப்பு. தானே விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவள். நாங்கள் பேசாமல் இருந்து, அப்போதுதான் வீட்டுக்கு வந்து போக ஆரம்பித்திருந்தாள். ஆவடி மார்க்கெட்டில் பச்சையும் சிவப்புமாக வளையல் வாங்கி வைத்திருந்தேன். அன்று காலையும் ரத்தம். பிள்ளைத்தாய்ச்சியைத் தொடக்கூடாது என்று பின்னறையில் உட்கார்ந்துவிட்டேன். என் நாத்தனார் கலாதான் முதல் வளையலைப் போட்டாள். மகள் அறைப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

ஆடி பிறந்தது. ஸ்டேஷன் படி ஏறினாலே மூச்சு வாங்கியது, கண் இருட்டியது. பேரப்பிள்ளை முகத்தைப் பார்க்காமலே போய்விடுவேனோ என்று பயந்தேன். முதல் வெள்ளியன்று கோயிலுக்கு வெளியே நின்றபடி அழுதேன். குணமாக்கு என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. "தாயே, எனக்குச் சொல்ல வாய் வரல. யாரையாவது கேக்க வை" என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

அடுத்த வெள்ளி கூழ் வாங்க வந்த கலா என்னைப் பார்த்து நின்றாள். உள்ளே வரச் சொன்னாள். வழக்கமான பதிலைச் சொன்னேன்.

"இன்னா அண்ணி, போன வாரமும் இதானே சொன்ன? மூஞ்சி வேற வெளுத்துப் போயி கீது. ஒடம்புக்கு இன்னா பண்ணுது, சொல்லு" என்றாள்.

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போல எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"கையில கத்தி பட்டு ரத்தம் வந்தா கோயிலுக்கு வராமயா கீறோம்? இது சீக்கு அண்ணி, தீட்டு இல்ல" என்று கையைப் பிடித்து இழுத்துப்போய் அம்மன் முன்னால் நிறுத்தினாள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கும் அவளேதான் கூட்டிப்போனாள்.

அங்கே இருந்தது பெண் டாக்டர். ஆசனவாயில் ரத்தக் குழாய்கள் வீங்குவதுதான் மூலம், முக்குவதாலும் மலச்சிக்கலாலும் அதிகமாகும் என்று பொறுமையாகச் சொன்னார். ரத்தம் வந்தாலே மூலம்தான் என்று நாமாக நினைக்கக்கூடாது, வேறு நோயாகவும் இருக்கலாம் என்று குழாய் விட்டும் பார்த்தார். நல்லவேளை, வேறொன்றும் இல்லை. வீக்கத்தின் அடியில் சின்ன ரப்பர் வளையம் போட்டார்கள். சில நாளில் அந்த வீக்கம் சுருங்கி விழுந்தது. ரத்தசோகைக்கு மாத்திரை கொடுத்தார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரச் சொன்னார்கள். கீரை, பழம், நிறைய தண்ணீர், வந்தால் அடக்காமல் போவது, போன இடத்தில் வெகுநேரம் உட்காராமல் இருப்பது, இவ்வளவுதான் வைத்தியம். இப்போது மிஷின் பக்கத்திலேயே தண்ணீர் பாட்டில் இருக்கிறது. சூப்பர்வைசர் முகம் எப்படிப் போனாலும் நான் எழுந்து போகிறேன்.

பேரன் பிறந்தான். அவனைக் குளிப்பாட்டும்போது ஒருநாள் மகளிடம் உண்மையைச் சொன்னேன்.

"உனுக்கு எம்மேல இன்னும் கோவம் தீரலன்னு நெனைச்சிகினேன்மா. அதான் வளையல் போட வரலன்னு" என்றாள்.

அந்த வளையல்கள் இன்னும் என் பீரோவில் இருக்கின்றன. உடம்பைத் தாய் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்த நாளை யாரால் கொடுக்க முடியும்? அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

ஆனால் நான் கேட்டதை அவள் அப்படியே கொடுத்தாள். யாராவது கேட்க வேண்டும் என்றேன், கேட்க வைத்தாள். நீங்களும் நம்பி அவளிடம் சொல்லுங்கள். டாக்டரிடமும் சொல்லுங்கள். வரும் ஆடியில் கோயில் வாசலுக்கு வெளியே ஒருத்தி தனியாக நிற்பதைப் பார்த்தால், தாண்டிப் போய்விடாதீர்கள். பக்கத்தில் போய், உடம்புக்கு என்ன என்று கேளுங்கள்.