படகு பாரில் மாப்பிள்ளை விருந்து

கரண்டியக்கா ஆட்களை முகத்தைவிடக் காலை வைத்துத்தான் அதிகம் அடையாளம் கண்டாள். அவளுடைய சமையலறை படகின் அடித்தளத்தில் இருந்தது. அங்கே ஒரே ஒரு வட்ட ஜன்னல், தண்ணீருக்கு ஒரு முழம் மேலே. அதன் வழியே தெரிந்ததெல்லாம் ஆறும், கரையிலிருந்து படகுக்குப் போட்ட நடைபலகையும், அதில் வருகிறவர்களின் முழங்கால் வரைக்குமான கால்களும்தான். மண் ஒட்டிய பூட்ஸ் வந்தால் பஸ் டிப்போ ஆட்கள். மைக்கறை படிந்த செருப்பு வந்தால் அச்சகத்துக்காரர்கள். கால்களைப் பார்த்துவிட்டே அடுப்பில் சட்டியைப் போடுவாள்.

அது ஒரு காலத்தில் மணல் ஏற்றிய படகு. ஓட்டம் நின்றதும் தடித்த கயிறுகளால் கரையில் கட்டிப் போட்டு, மேல்தளத்தில் மேஜை நாற்காலி போட்டுப் பார் ஆக்கிவிட்டார்கள். முதலாளியை எல்லோரும் கேப்டன் என்றார்கள். அவர் வாழ்க்கையில் ஓட்டியதெல்லாம் லாரிதான், நீச்சல்கூடத் தெரியாது. பரிமாறுகிறவனுக்கு நெட்டை என்று பெயர். படகின் தாழ்ந்த உத்தரத்தில் நாளுக்கு நாலு தடவை தலையை இடித்துக்கொண்டு நாலு தடவையும் உத்தரத்தைத்தான் திட்டுவான். தட்டு தயாரானதும் அக்கா அதைச் சின்ன லிப்டில் வைத்து, கரண்டியால் அதன் பெட்டியில் ஒரு தட்டு தட்டுவாள். லிப்ட் மேலே போகும். கரண்டியக்கா என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

அதற்கு முன்னால் அவள் ஆஸ்பத்திரி கேன்டீனில் சமைத்தவள். புருஷன் பாலங்களுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை பார்த்து, நெஞ்சு கெட்டுச் செத்துப்போனான். ஒரே மகள். "குடிகாரங்களுக்கா சமைக்கப் போறே?" என்று உறவில் ஒருத்தி முகம் சுளித்தபோது, "நோயாளிக்கு எதைப் போட்டாலும் குறை சொல்லுவான். குடிச்சவன் எதைப் போட்டாலும் கையெடுத்துக் கும்பிடுவான்" என்றாளாம். அப்படிச் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவள்தான்.

மகளுக்கு வாய்த்த மாப்பிள்ளையை எல்லோருக்கும் பிடித்தது. லிப்ட் மெக்கானிக். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத பிள்ளை என்றார்கள். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. வேலைக்குப் போகும்போது மகளை உள்ளே வைத்து வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு போவார் என்பது கல்யாணமாகி வெகுநாள் கழித்துத்தான் அக்காவுக்குத் தெரிந்தது. "பாதுகாப்புக்குத்தான் அத்தை. இந்தத் தெருவில திருடன் ஜாஸ்தி" என்றார்.

அப்புறம் ஒருநாள் மகள் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். இடது கைச் சுண்டுவிரல் வளைந்து, நகம் கறுத்துப் போயிருந்தது.

"கதவுல மாட்டிக்கிச்சா?"

"மாட்டிக்கல. வை-ன்னு சொன்னார். வெச்சேன். கதவைச் சாத்தினார்." மகள் அழவில்லை. "மெதுவாத்தான் சாத்தினார்மா."

போலீஸ் ஸ்டேஷனில் இருந்த அதிகாரி, மாப்பிள்ளையையும் கூப்பிட்டு வைத்துப் பேசிப் பார்த்துவிட்டு, இவ்வளவு சாதுவான மனுஷனையா என்று அக்காவையே ஒரு மாதிரி பார்த்தார். வீட்டுக்குத் திரும்பியதும் அக்கா தன் சித்தப்பா மகனைக் கூப்பிட்டாள். வெளியூர் லாரி ஓட்டுகிற தம்பி அவன்.

"ரெண்டு பேரையும் தூரமா எங்கேயாவது கொண்டுபோய் விடு. எந்த ஊருன்னு எனக்குச் சொல்லாதே."

"என்னக்கா பேச்சு இது? பெத்தவளுக்குத் தெரிய வேணாமா?"

"தெரிஞ்சா என் மூஞ்சி சொல்லிடும்டா. நான் பொய் சொல்லத் தெரியாதவ."

லாரி கிளம்பியபோது பேத்தி கையை ஆட்டினாள். அக்கா தெருமுனைவரை போகவில்லை. எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தால் அதுவும் தெரிந்துபோகுமே என்று வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மழை வந்து ஆறு கலங்கியிருந்த ஒரு மதியம். வட்ட ஜன்னலில் ஒரு ஜோடி பழுப்பு ஷூ தெரிந்தது. பாலிஷ் போட்டு, கயிற்றை இரட்டை முடிச்சுப் போட்ட ஷூ. நடைபலகை ஈரமாக இருந்ததால் எல்லோரும் தட்டுத் தடுமாறி வந்தார்கள். இந்தக் கால்கள் நடுவில் கொஞ்சம் நின்றன. பிறகு நிதானமாக ஏறின. அக்கா அடுப்பில் சட்டியைப் போடவில்லை.

மேலேயிருந்து நெட்டை எட்டிப் பார்த்தான். "மூணாம் மேஜைக்கு ஒரு மீன் வறுவல், உருளைக்கிழங்கு. அக்கா, உங்க மாப்பிள்ளையாமே! சொல்லவே இல்லையே நீங்க!"

மீனைத் திருப்பும்போது எண்ணெய் கையில் தெறித்தது. அவள் கவனிக்கவில்லை. தட்டை வைத்து லிப்டைத் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் தட்டு திரும்பி வந்தது. முள்ளை ஓரமாக வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்.

"உப்பு கச்சிதமாம்" என்றான் நெட்டை. "அத்தை கையில சாப்பிட்டு நாளாச்சாம்."

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். ஒரே மேஜை, மீன், ஒரே ஒரு பீர். கேப்டனுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. குடித்துவிட்டு மேஜையைக் குத்துகிற கூட்டத்துக்கு நடுவில், குடித்த கிளாஸைத் தானே துடைத்து வைக்கிற ஆள் அல்லவா. மகளைப் பற்றி அவர் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அக்காவுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்திருக்கும்.

ஒரு வாரம் கழித்துச் சின்ன லிப்ட் பாதியில் சிக்கிக்கொண்டது. கேப்டன் மேலேயே நின்று கத்தினார்: "வீட்டு ஆளே இருக்கும்போது வெளி ஆள் எதுக்கு? மாப்பிள்ளை, கொஞ்சம் பாருங்களேன்!"

பழுப்பு ஷூ மாடிப்படியில் இறங்கி வந்தது. சமையலறைக்கு அந்த ஒரு படிதான் வழி. மாப்பிள்ளை கருவிப்பெட்டியைப் படியின் அடியிலேயே விரித்து வைத்தார். யார் வெளியே போனாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"வாங்க மாப்பிள்ளை" என்றாள் அக்கா. பழக்கத்தில் வந்துவிட்டது.

"நல்லா இருக்கீங்களா அத்தை? இளைச்சுட்டீங்க."

லிப்டின் தகரக் கதவைக் கழற்றி, சங்கிலிக்கு எண்ணெய் போட்டார். கை சுத்தமாக வேலை செய்தது. வேலை செய்துகொண்டே, சினிமாக் கதை பேசுவதுபோலச் சொன்னார்: "கடல் பக்கமாமே அத்தை. உப்புக் காத்து பாப்பாவுக்கு ஒத்துக்குமா?"

அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை. கடலா? இருக்குமோ? அவளுக்கே தெரியாது.

"இல்ல, மலைப்பக்கம்னு ஒருத்தர் சொன்னார். குளிராச்சே. சளி பிடிக்கும்." அவர் சங்கிலியைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் இந்தக் கதவைப் பிடிங்க அத்தை. விரலை இங்க வைங்க. பயப்படாதீங்க, நான் பார்த்துக்கறேன்."

அவள் விரலை வைத்தாள். ஏன் வைத்தாள் என்று பிற்பாடு எத்தனையோ தடவை தன்னையே கேட்டுக்கொண்டாள். தகரக் கதவு மெதுவாக இறங்கி, விரலின் மேல் பட்டும் படாமலும் நின்றது. மேலே யாரோ பெரிதாகச் சிரித்தார்கள். கயிறு இழுபட்டுப் படகு முனகியது. மாப்பிள்ளை கதவைத் தூக்கி, "சரியாயிடுச்சு" என்று திருகாணியைப் போட்டார்.

படியேறிப் போகிறவர் பாதியில் நின்றார். "நாளைக்கும் மீன்தானே அத்தை?"

அவர் போனதும் அக்கா அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இவர் தினமும் இங்கே வந்து உட்கார்ந்து, என் முகத்தில் ஊர் பேரைப் படிக்கப் பார்க்கிறார். பார்க்கட்டும். இங்கே உட்கார்ந்திருக்கிற நேரத்தில் வேறெங்கும் தேடமாட்டார் அல்லவா?

அன்றிலிருந்து மூன்றாம் மேஜைக்குப் போகிற தட்டே தனி. மீனில் நடுத்துண்டு, ஓரம் முறுகின உருளைக்கிழங்கு, கேட்காமலே ஒரு கிண்ணம் சூப். ஒரு பீர் இரண்டாகி, நெட்டையிடம் சொல்லி மூன்றாவதையும் மேஜைக்கு அனுப்பினாள். அச்சகத்துக்காரர்கள் கேலி செய்தார்கள்: "நமக்கெல்லாம் வால் துண்டு, அங்க மட்டும் தினம் மாப்பிள்ளை விருந்து! கொடுத்து வெச்ச மனுஷன்!" அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட முடியாமல் படுத்துக்கொள்வாள். பெண்ணின் விரலை நசுக்கிய கைக்குப் பார்த்துப் பார்த்துப் பொரித்துப் போடுகிறோமே என்று தன்னையே திட்டிக்கொள்வாள். காலையில் எழுந்து மீன் வாங்கப் போவாள்.

மழைக்காலம் முடிகிறவரை இப்படியே போயிற்று. ஒருநாள் தட்டு திரும்பி வந்தபோது பாதி மீன் அப்படியே இருந்தது. மாப்பிள்ளையே படியில் இறங்கி வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"உங்களுக்கே தெரியாது, இல்ல அத்தை?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரத்தைத் தேய்த்தாள். அதுவே பதிலாகிவிட்டது. மாப்பிள்ளை முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். ஏதோ நல்ல ஜோக்கைத் தாமதமாகப் புரிந்துகொண்டவர் மாதிரி. "இத்தனை நாள் வீணா உட்கார்ந்து சாப்பிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் வரவில்லை. அந்த வாரமே வரவில்லை. வட்ட ஜன்னலில் எல்லாக் கால்களும் வந்தன, பழுப்பு ஷூ மட்டும் வரவில்லை. "மாப்பிள்ளையோட சண்டையா?" என்று கேப்டன் கேட்டார். அக்கா சூப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். வறுவல் கருகியது. குடித்தவர்கள்கூடக் கும்பிடவில்லை.

எப்போதாவது அந்தப் பக்கம் லோடு வந்தால் லாரித் தம்பி படகில் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்காங்க" என்ற இரண்டே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போவான். அந்த முறை அவன் வந்தபோது அக்கா அவனைச் சாப்பிட விடவில்லை.

"அவர் வர்றதே இல்லடா. எங்க போனார்னு தெரியல. தேடிப் போயிட்டார்டா."

தம்பி சட்டென்று எழுந்தான். "அப்ப வாக்கா. லாரி மேலே ரோட்டுல நிக்குது. நேரா அங்கயே போயிடலாம். நீ கூட இருந்தா அவளுக்கும் தைரியம்."

இத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்த ஆசை அவளை உந்தித் தள்ளியது. இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு, "கேப்டன், ரெண்டு நாள் பார்த்துக்கங்க" என்று படியேறினாள். நடைபலகையில் தம்பி முன்னால் போனான்.

பாதிப் பலகையில் அவள் தலையைத் தூக்கினாள். கரையில், மரத்தடியில், ஏணி கட்டிய வெள்ளை வேன் ஒன்று நின்றது. லிப்ட் கம்பெனி வேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எஞ்சின் அணைந்திருந்தது, ஆனால் ஆள் இரண்டு கைகளையும் ஸ்டீயரிங் மேல் வைத்துத் தயாராக இருந்தார். அவர் பார்த்தது அக்காவை அல்ல. அவள் முன்னால் போகிற லாரிக்காரனை.

தேடிப் போகவில்லை. அவளே வழி காட்டுவாள் என்று காத்திருக்கிறார்.

"தம்பி" என்றாள் குரலை இறக்கி. "திரும்பிப் பார்க்காதே. மேலே போய், அவங்க இருக்கிற ஊர்ப் பக்கம் போகாம வேற பக்கம் ஓட்டிட்டுப் போ. இனிமே இங்க வராதே."

"அக்கா..."

"போன்னா போ."

அவன் போன பிறகு அவள் கரைக்கு இறங்கி, வேனை நோக்கி நடந்தாள். கண்ணாடியைத் தட்டினாள். அது மெதுவாக இறங்கியது.

"என்ன மாப்பிள்ளை, வெளியவே உட்கார்ந்துட்டீங்க? இத்தனை நாளா ஆளையே காணோம்." பொய் சொல்லத் தெரியாதவள் என்று தன்னைப் பற்றிச் சொன்னவள், அவர் கண்ணைப் பார்த்தே அடுத்ததையும் சொன்னாள்: "நேத்துத்தான் அவ போன்ல பேசினா. பாப்பா உங்களைக் கேட்டுச்சாம்."

மாப்பிள்ளை அவளை வெகுநேரம் பார்த்தார். மேலே ரோட்டில் லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது. அவர் பார்வை ஒருமுறை அந்தப் பக்கம் போய், திரும்பி வந்தது.

"என்ன கேட்டா?"

"உள்ள வாங்க. சாப்பிட்டுக்கிட்டே பேசலாம்."

வேன் கதவு திறந்தது. அவர் முன்னால் போக, அவள் பின்னால் போனாள். நெட்டை ஓடி வந்து, உத்தரத்தில் தலையை இடித்துக்கொண்டு, மூன்றாம் மேஜையைத் துடைத்தான். "வாங்க வாங்க! நீங்க இல்லாம அக்கா சமையலே சரியில்ல" என்றார் கேப்டன். எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கா கீழே இறங்கி அடுப்பைப் பற்ற வைத்தாள். எண்ணெய் காய்ந்தது. பெரிய நடுத்துண்டாகப் பார்த்துப் போட்டாள். பாப்பா என்ன கேட்டாள் என்று இன்றைக்குச் சொல்ல வேண்டும். நாளைக்கு வேறு ஏதாவது. ஒரு பல் விழுந்ததாகச் சொல்லலாம். பள்ளிக்கூடத்தில் சேர்த்ததாகச் சொல்லக்கூடாது, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகத் தேடுவார். காய்ச்சல் வந்து சரியானதாகச் சொல்லலாம். மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, எங்கே இருக்கிறாள் என்றே தெரியாத குழந்தைக்கு ஒவ்வொரு நாளாக ஒரு வாழ்க்கையைக் கட்ட ஆரம்பித்தாள்.