அமிர்தத்தின் ஐந்து கட்டை

"பொறுங்க, பொறுங்க" என்று கண்டக்டரைக் கையால் தடுத்துவிட்டு, ஸ்தனிஸ்லாஸ் ஆர்மோனியப் பெட்டியைத் தானே தூக்கி ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏற்றுகிறார். வயது அறுபத்து மூன்று. பெட்டி அவர் கனத்தில் பாதியாவது இருக்கும். உதவிக்கு வந்தவர் முகம் சுருங்கினால், "கோவிச்சுக்காதீங்க, கை மாறினா சுருதி போயிடும்" என்பார். சுத்தப் பொய். ஆனால் இத்தனை பணிவாகச் சொல்லப்படும் பொய்யை யாரும் சந்தேகப்படுவதில்லை.

பாலக்கரைக்காரர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மாதா கோயில் ஆர்மோனியம், மற்ற நாட்களில் நாடக மேடை. மாதா பாட்டானாலும் ராஜகுமாரியின் காதல் பாட்டானாலும் வாசிக்கும்போது அவர் முகம் ஒன்றுதான்: கண்ணை மூடி, கீழுதட்டைக் கடித்தபடி, பல்வலிக்காரர் மாதிரி. மனைவி லூர்துராணிக்கு அந்தப் பெட்டியோடு தீராத வழக்கு. "பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போனப்பகூட ரிக்‌ஷாவுல முதல்ல பெட்டி ஏறிச்சு, அப்புறம்தான் நான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

முப்பது வருஷமாக அமிர்தத்துக்கு அவர்தான் வாசிக்கிறார். நாடகங்களில் கதாநாயகியாக நடித்துப் பாடும் பெண்மணி; ஸ்திரீபார்ட் அமிர்தம் என்றால் திருவெறும்பூரிலிருந்து முக்கொம்பு வரை தெரியும். பாடுவதற்கு முன் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. குனிந்து, பெட்டியின் ஐந்தாம் கட்டையைத் தன் விரலாலேயே ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். "இதுதான் என் சுருதி. இது என்னைக்கு எட்டலையோ, அன்னைக்கே மேடையை விட்டு இறங்கிடுவேன்" என்பார். சொன்னால் செய்கிறவர். காய்ச்சலில் ஒரு மாதம் பாடாமல் கிடந்தபோது அவர் சோறு தண்ணி இல்லாமல் சுருண்டுபோனதை ஸ்தனிஸ்லாஸ் கண்ணால் பார்த்தவர்.

ஐம்பது வயதில் அமிர்தத்துக்கு மேல் ஸ்தாயியில் மூச்சு முட்டத் தொடங்கியது. முதலில் கவனித்த காது ஸ்தனிஸ்லாஸுடையது. யாரிடமும் அதைச் சொல்லவில்லை. ஆர்மோனியம் பழுது பார்க்கும் அப்துல் சுக்கூரிடம் போய், உள்ளேயிருந்து ஒலி எழுப்பும் ரீடுகளை எல்லாம் கழற்றி, ஓரிடம் தள்ளி மாட்டச் சொன்னார். வெளியே அதே ஐந்தாம் கட்டை. அழுத்தினால் வருவது அரைக் கட்டை இறங்கிய நாலரையின் நாதம். நாலு வருஷம் கழித்து இன்னொரு அரை இறக்கினார். அமிர்தம் வழக்கம்போல அழுத்திப் பார்த்து, வழக்கம்போலப் பாடிக்கொண்டிருந்தார். ரீடு மாறிய நாளிலிருந்துதான் பெட்டியை வேறு யாரும் தொடக் கூடாது என்றானது.

எண்பத்து நாலாம் வருஷம் டில்லியிலிருந்து ஒரு படக்குழு வந்தது. நாடக மேடைக் காதல் பாட்டுகளை மட்டும் ஒரு கச்சேரியாக வைத்துப் படம் பிடிக்க ஏற்பாடு. ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்தில் விளக்குகளைக் கட்டினார்கள். சூட்டில் அமிர்தத்தின் பவுடர் வழிந்தது. குழலும் சேர்ந்தால் நன்றாயிருக்கும் என்று டைரக்டர் ஆசைப்பட்டதுதான் வினையாயிற்று. ஐந்து கட்டைக் குழலோடு வந்த இளைஞர் ஒருமுறை ஊதினார், ஆர்மோனியத்தைக் கேட்டார், நெற்றியைச் சுருக்கினார்.

"சார், அஞ்சுன்னு சொல்றீங்க. உங்க பெட்டி நாலுதான் பேசுது."

மண்டபமே கேட்டது. அமிர்தமும் கேட்டார்.

ஸ்தனிஸ்லாஸ் எழுந்து நின்றார். "பெட்டி பழசு தம்பி. இறங்கினது தெரியாமலே தூக்கிட்டு வந்திருக்கேன். எனக்குக் காது போச்சு."

நாற்பது வருஷம் சுருதியால் பிழைத்தவர், அத்தனை பேர் முன்னால் சொன்ன வார்த்தை அது. பெரிய மனசு வேண்டும். ஆனால் அதனாலேயே காரியம் கெட்டது. அப்படியானால் ஆர்மோனியம் வேண்டாம், அம்மா குழலுக்கே ஐந்தில் பாடட்டும் என்று டைரக்டர் முடிவு கட்டிவிட்டார். ஐந்தில் அமிர்தத்தின் குரல் முதல் சரணத்திலேயே உடையும்; உடைந்தது படத்தில் நிற்கும்.

அமிர்தம் ஸ்தனிஸ்லாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டைரக்டர் பக்கம் திரும்பி, "குழல் ஒரு பக்கம் இருக்கட்டும் தம்பி" என்றார். "அண்ணன் பெட்டி எங்க நிக்குதோ, அங்கதான் எனக்கு அஞ்சு கட்டை."

அன்று முதன்முறையாகக் கட்டையை அழுத்திப் பார்க்காமல் பாடினார். காத்திருக்கும் காதலி நிலாவைக் கடிந்துகொள்ளும் பாட்டு. மேல் ஸ்தாயியில் குரல் பிசிறில்லாமல் நின்றது. விளக்குக்காரர்கள்கூட வேலையை மறந்து கேட்டார்கள். ஸ்தனிஸ்லாஸ் மட்டும், கண்ணை மூடி வாசிக்கிற மனிதர், அன்று கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்.

பாட்டு முடிந்தது. காமிரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியை மூடித் தூக்கப் போனவர் கைக்கு முன்னால், பட்டுப் புடவையைச் செருகிக்கொண்டு குனிந்த அமிர்தம் ஒரு பக்கத்துக் கைப்பிடி வளையத்தைப் பிடித்திருந்தார். "பொறுங்க" என்று வாயெடுத்தார் ஸ்தனிஸ்லாஸ். பிறகு, அந்தப் பக்கத்தை அவரிடமே விட்டுவிட்டு, மறுபக்க வளையத்தைப் பிடித்துக்கொண்டார்.