ஒவ்வொரு பெட்டியின் கீழும் நின்றவர்

வியாழக்கிழமை காலை, சூலூரிலிருந்து வரும் பேருந்து சிங்காநல்லூரைத் தாண்டும்போது குழந்தைகள் வார்டு ஸ்டெல்லா சிஸ்டரின் அழைப்பு வந்தது. “அம்மணி, யூசுப் பாய் போயிட்டாருங்க. ஊட்டுலயே மாரடைப்பாம்.” முந்தைய நாள் மாலைதான், “ஞாயித்துக்கிழமை வேலையை இந்த வருசத்துக்குள்ள முடிச்சுருவீங்களா பாய்?” என்று கிண்டல் செய்திருந்தேன். சிரித்துக்கொண்டே போனார்.

நம் மருத்துவமனையில் பாதிப் பேருக்கு அவர் ‘வைஃபை பாய்’. கூரையில் ஒட்டியிருந்து வைஃபை தரும் வெள்ளைப் பெட்டிகளான ஆக்சஸ் பாயிண்ட்கள், அவற்றையெல்லாம் கட்டி மேய்க்கும் கன்ட்ரோலர், இவற்றின் மென்பொருளைப் புதுப்பிப்பது எங்கள் இருவரின் பொறுப்பு. எல்லா இடத்திலும் இதை இரவில் செய்வார்கள். பாய் ஒத்துக்கொள்ள மாட்டார். “ராத்திரி செஞ்சா தப்பைக் காலைல நர்சம்மாதான் கண்டுபிடிக்கோணும்” என்பார். அதனால் ஞாயிறு காலை பத்து மணிக்குத்தான். அதற்கு முன் வார்டுதோறும் மருந்துப் பட்டியலை அச்செடுத்து வைக்கச் சொல்வார். முடிந்ததும் ஒவ்வொரு பெட்டியின் கீழும் போய் நின்று, “ஏனுங்க சிஸ்டர், நெட் வருதுங்களா?” என்று கேட்பார். எனக்கு எரிச்சலாக வரும். திரைதான் பச்சை காட்டுகிறதே என்பேன். “திரைக்கு என்னங்க தெரியும்?” என்று அடுத்த மாடிக்கு ஏறிவிடுவார்.

மூன்று வருடங்களுக்கு முன் நடந்ததை இன்றுதான் உங்களிடம் சொல்கிறேன். புதிய மென்பொருள் சில பழைய பெட்டிகளை ஏற்காது. எவற்றை ஏற்கும் என்று ஒரு பட்டியல் உண்டு. “அதைப் பார்த்தீங்களா அம்மணி?” என்று பாய் கேட்டார். “பார்த்துப்போட்டேனுங்க” என்றேன். பார்க்கவில்லை. போன தடவை சரியாக வந்ததே என்கிற திமிர்.

கன்ட்ரோலர் புதிய மென்பொருளோடு எழுந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாக இணைப்புக்குத் திரும்பின. மூன்றாம் மாடி குழந்தைகள் வார்டின் பழைய பெட்டிகள் மட்டும் வரவேயில்லை. நர்சுகளின் டேப்லெட்டில் மருந்து விவரம் எதுவும் திறக்கவில்லை. பாய் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “மருந்துப் பட்டியல் சிஸ்டர் கையில இருக்குதுங்க, மருந்து நிக்காது. நீங்க பழசையே ஏத்துங்க” என்றார். பழைய மென்பொருளை அழிக்காமல் கன்ட்ரோலரிலேயே வைத்திருந்தார். பெட்டிகள் திரும்பும்வரை ஸ்டெல்லா சிஸ்டர் அச்செடுத்த தாளைப் பார்த்தே எல்லாக் குழந்தைகளுக்கும் நேரத்துக்கு மருந்து கொடுத்தார்.

மறுநாள் மேலாளர், பெட்டிகளின் பட்டியலைப் பார்த்தது யார் என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், “ரெண்டு பேருமே பார்க்கலைங்க” என்றார் பாய். என் வேலை தப்பியது அந்த ஒரு வாக்கியத்தால். வெளியே வந்து அழுதேன். “பார்க்கலைன்னா பார்க்கலைன்னு சொல்லிப்போடுங்க அம்மணி. பத்து நிமிசம் லேட்டாகும், அவ்வளவுதானுங்க” என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. நானும் நன்றி என்று ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. அது இப்போது நெஞ்சை அறுக்கிறது.

அவர் குறித்து வைத்த ஞாயிறன்று வேலையை நான் தனியாகச் செய்தேன். பெட்டிகளின் பட்டியலை இரண்டு முறை பார்த்தேன். திரை முழுவதும் பச்சை. ஆனாலும் மாடி மாடியாக ஏறி, ஒவ்வொரு பெட்டியின் கீழும் நின்று கேட்டேன். குழந்தைகள் வார்டில் ஸ்டெல்லா சிஸ்டர், “எல்லாம் பார்த்தாச்சுங்களா அம்மணி?” என்றார். கால் வலித்தது. ஆச்சு என்று சொல்லியிருக்கலாம்.

“கடைசி ரூம் இன்னும் பார்க்கலைங்க சிஸ்டர்” என்று சொல்லிவிட்டு நடந்தேன்.