வலிக்காத கட்டி

டாக்டர், நர்ஸ், என் மனைவி, நான். அறையில் இவ்வளவு பேர்தான். டாக்டர் என் தொடைக் கட்டியை அழுத்தினார்.

"வலிக்குதா?"

"இல்ல சார்."

சின்ன வயதில் கேட்ட பதில் அது. அப்பாவின் தொடையிலும் கட்டி இருந்தது. நெசவுக்குக் கால் விட்டு உட்காரும் தறிக்குழியின் விளிம்பு உரசி வந்த காய்ப்பு என்று நினைத்தார். கிழிந்த பட்டுத் துணியை மடித்து அடியில் வைத்துக்கொண்டு நெய்தார்.

"ஆஸ்பத்திரிக்கு வாய்யா" என்பாள் அம்மா.

"வலிக்கவே இல்லடி. இந்தப் பொடவைய நெய்ஞ்சு தறியிலேர்ந்து அறுத்துட்டு வரேன்."

"இத அறுத்தா அடுத்தத ஆரம்பிச்சிக்கினு குந்துவ!"

அப்படித்தான் ஆனது. கட்டி மாங்காய் அளவான பிறகு போனார்கள். புற்று நுரையீரலுக்குப் பரவியிருந்தது. அப்பா பிழைக்கவில்லை.

என் தறியிலும் புடவை பாதியில் நிற்கிறது. நிற்கட்டும்.

"வலிக்காட்டியும் டெஸ்ட் எடுத்துடுங்க சார்" என்றேன்.

டாக்டர் கட்டியை அளந்தார்.

இரண்டு சென்டிமீட்டர்தான்.