காற்றை அடித்த பம்பு

நான்காம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கிண்டியில் ஒரு பட்டறையில் இரும்புக் குழாய் சுமந்து தொழில் கற்றேன். யார் தயவும் இல்லாமல் மேற்கு மாம்பலத்தில் மாடி வீடு கட்டினேன். இரண்டு பெண்களைப் பட்டதாரி ஆக்கினேன். தெருக்குழாயில் தண்ணீர் தானாக ஏறாத அந்தத் தொண்ணூறுகளில், எங்கள் பக்கம் வாசலுக்கு வாசல் நின்ற கை பம்புகளில் பாதி நான் போட்டவை. இது தற்பெருமை இல்லை. போய்ப் பார்த்தால் தெரியும்.

அப்படிப்பட்ட என்னை ஒரு வாரம் பாடாய்ப்படுத்தியது, மயிலாப்பூரில் என் பேத்தி படித்த நடுநிலைப் பள்ளியின் ஏழாம் வகுப்பு.

அந்த வாரம் முழுக்க அவர்களுக்குத் தண்ணீர்ப் பாடம். வெள்ளிக்கிழமை பெற்றோர் முன்னால் ஒரு கை பம்பை இயக்கிக் காட்ட வேண்டும். நன்றாக இறைத்தால் அதையே பள்ளிக் கிணற்றில் பொருத்துவதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். பம்பு நான் தருவதாக ஏற்பாடு. என் பெயர் ஒரு பள்ளிக்கூடத்தில் நிற்கும் என்றால் சும்மாவா?

திங்களன்றே பம்போடு போய் நின்றேன். டீச்சர் சிரித்தார்.

"பம்பு கடைசியில ஐயா. மொதல்ல பசங்க யோசிக்கட்டும்."

"யோசிக்க இன்னாம்மா கீது? அடிச்சா தண்ணி வரும்!"

கேட்டால்தானே! குட்டி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, தினமும் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வைத்தார். செவ்வாய் முழுக்கப் படம் வரைந்தார்கள். புதனன்று இளநீர் ஸ்ட்ராவில் ஓட்டை போட்டு உறிஞ்சினார்கள். தண்ணீர் ஏறவில்லை. ஓட்டையை ஈர விரலால் மூடினால் ஏறியது. இதற்கு ஒரு பீரியடா என்று பல்லைக் கடித்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, புது வாஷர் போட்ட பம்பைத் தண்ணீர் நிரப்பிய டிரம்மின் மேல் நிறுத்தி, நானே அடித்தேன். கறக், கறக். சொட்டுத் தண்ணீர் இல்லை. இன்னும் வேகமாக அடித்தேன். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது.

"தாத்தா ஃபேன் கொண்டாந்துட்டாரு போலக்கீதுடா!" என்றான் ஒரு பயல். வகுப்பே சிரித்தது. தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். டிரம்மில் குறை, குழாயில் குறை என்று எரிந்து விழுந்தேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் சொம்போடு எழுந்து வந்தாள்.

"தள்ளுங்க தாத்தா. எங்கூட்டு பம்பும் காலைல இப்பிடித்தான் மொரண்டு பண்ணும். மேல தண்ணி ஊத்திக்கினே அடிக்கணும்."

"ஏன்னு சொல்லு," என்றார் டீச்சர்.

"உள்ள தோல் வாஷர் காஞ்சிகீது டீச்சர். ஓட்டை ஸ்ட்ரா மாதிரி காத்து பூந்துக்குது. நனைஞ்சா உப்பி அடைச்சுக்கும்."

ஊற்றினாள், அடித்தாள். குபுகுபுவென்று கொட்டியது. எனக்குத் தெரியாத விஷயமா? ஆனால் மேஸ்திரி ஆன பிறகு சொம்பு பிடித்து ஊற்றுவது கூலியாட்கள். வீட்டில் என் மனைவி. நான் பம்பு அடித்தே வருடக்கணக்காகியிருந்தது. நனைக்க மறந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி, "என்னைக்காவது ஒரு குடம் அடிச்சிருந்தா மறந்திருக்குமா?" என்றாள். அந்த நக்கல் இன்னும் ஓயவில்லை.

பம்பு கிணற்றில் ஏறிவிட்டது. சுவரில் 'ஏழாம் வகுப்பு மாணவர்களின் முயற்சி' என்று பெயின்டில் எழுதியிருக்கிறார்கள். முயற்சி அவர்களுடையதாம், பம்பு ஆகாயத்திலிருந்து விழுந்ததாம்! இப்போதும் எந்தப் பம்பைக் கண்டாலும் என் கண் முதலில் சொம்பைத் தேடுகிறது. அந்த மட்டுக்கும் அந்த வகுப்பில் நானும் படித்தவன்தான். ஆகவே பள்ளிக்காரர்களே, தண்ணீர் ஊற்றிய பெண்ணின் பெயரை எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு மேல், கொஞ்சம் பெரிய எழுத்தில், பம்பு கொடுத்தவன் பெயரும் வந்தாக வேண்டும்.